என்எஸ்-3 சிமுலேட்டர் கோட்: ஆவணமும் பராமரிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்எஸ்-3 என்பது கணினி வலையமைப்புகளைக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க உதவும் திறந்த மூல சிமுலேட்டர். 2006-ல் வேலை தொடங்கி, 2008 ஜூனில் முதல் வெளியீடு வந்தது. எழுதியிருப்பது சி++ மொழியில். உரிமம் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. அதற்குள் கோட் அனுப்ப நினைப்பவர்களுக்கும், சொந்த மாட்யூல் (சிமுலேட்டரின் ஒரு தனிப் பகுதி) ஒன்றை ஆய்வகத்தில் வருடக்கணக்கில் உயிரோடு வைத்திருக்க வேண்டியவர்களுக்கும் இந்தப் பக்கம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

மற்ற சாஃப்ட்வேர்களைப் பராமரிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஒரு வெப்சைட்டில் பிழை இருந்தால் பக்கம் திறக்காது, யாராவது சத்தம் போடுவார்கள். சிமுலேட்டரில் பிழை இருந்தால் 4.2 எம்பிபிஎஸ் வர வேண்டிய இடத்தில் 4.6 வரும். கோட் கம்பைல் ஆகும், கிராஃப் அழகாக விழும், கட்டுரையும் அச்சாகிவிடும். யாருக்கும் தெரியாது.

பிழையே இல்லாவிட்டாலும் எண் மாறலாம். என்எஸ்-3-ல் டிசிபி நெறிமுறையின் டீஃபால்ட் நெரிசல் கட்டுப்பாட்டு முறை (வலையமைப்பு நெரியும்போது அனுப்பும் வேகத்தைக் குறைக்கும் விதி) முன்பு நியூரீனோ. பிறகு கியூபிக் ஆனது. ஸ்கிரிப்டில் எதுவும் குறிப்பிடாமல் விட்டவருக்கு, பதிப்பை உயர்த்திய அன்றே விடை வேறு. அந்த மாற்றம் சரியானதுதான், நிஜ உலகம் கியூபிக்குக்குப் போய் வெகுகாலமாகிறது. ஆனால் எழுதி வைக்காமல் மாற்றியிருந்தால் எத்தனை பேர் எத்தனை நாள் தேடியிருப்பார்கள்! இந்தப் பக்கத்தில் சொல்லும் வேலைகளில் பாதிக்கு மேல், எண்ணை மாற்றக்கூடிய எதையும் சொல்லாமல் மாற்றக்கூடாது என்பதற்காகத்தான்.

என்எஸ்-2 ஸ்கிரிப்டுகளை அப்படியே ஓட்ட முடியுமா?

முடியாது. கல்லூரி லேபில் என்எஸ்-2 பழகியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அது ஓடிசிஎல் ஸ்கிரிப்டும் சி++-உம் கலந்தது. என்எஸ்-3 பழையதோடு ஒத்துப்போக வேண்டும் என்ற நோக்கமே இல்லாமல் புதிதாக எழுதப்பட்டது. ஸ்கிரிப்டைத் திரும்ப எழுதத்தான் வேண்டும்.

கோட் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது? எந்தக் கோப்பை எங்கே வைப்பது?

எல்லா மாட்யூலுக்கும் ஒரே வீட்டு அமைப்பு. ‘எஸ்ஆர்சி’ கோப்புறைக்குள் மாட்யூல் பெயரில் ஒரு கோப்புறை; அதற்குள் மாடல், ஹெல்பர், எக்ஸாம்பிள்ஸ், டெஸ்ட், டாக் என்று தனித்தனி அறைகள். நெறிமுறையின் தர்க்கம் மாடலில் இருக்கும். பயனரின் ஸ்கிரிப்ட் சுருக்கமாக இருக்க உதவுவது ஹெல்பர். புதிய மாட்யூலை ‘யூட்டில்ஸ்’ கோப்புறையில் உள்ள ‘கிரியேட்-மாட்யூல்’ பைத்தான் ஸ்கிரிப்டை ஓட்டி உருவாக்குங்கள். கையால் உருவாக்கினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

பெரும்பாலும் விட்டுப்போவது இது: எந்தெந்தக் கோப்புகளை பில்ட் செய்வது என்று சொல்லும், மாட்யூலின் சிமேக்லிஸ்ட்ஸ் கோப்பில் சோர்ஸ் கோப்புகளுக்கு ஒரு பட்டியல், ஹெடர் கோப்புகளுக்கு வேறொரு பட்டியல். சோர்ஸைச் சேர்த்துவிட்டு ஹெடரை மறந்தால் மாட்யூல் கம்பைல் ஆகிவிடும். அதைப் பயன்படுத்தும் எடுத்துக்காட்டு மட்டும் ‘கோப்பு இல்லை’ என்று நிற்கும். பட்டியலில் உள்ள ஹெடர்களைத்தான் பில்ட் அமைப்பு பொது இடத்துக்குக் கொண்டுபோகிறது.

டாக்சிஜன், ஸ்ஃபிங்ஸ் என்று இரண்டு இருக்கிறதே, எதில் எதை எழுதுவது?

டாக்சிஜன் கோடுக்குள்ளேயே இருக்கும் குறிப்பு. ஒவ்வொரு கிளாஸ், ஒவ்வொரு ஃபங்ஷன், ஒவ்வொரு அளபுரு, திருப்பித் தரும் மதிப்பு எல்லாவற்றுக்கும் வேண்டும். பிரைவேட் உறுப்புகளையும் விடக்கூடாது. ஸ்ஃபிங்ஸ் என்பது உட்கார்ந்து படிக்க வேண்டிய அத்தியாயம். மாட்யூலின் ‘டாக்’ கோப்புறையில் ஆர்எஸ்டி (எளிய குறியீடுகளோடு எழுதும் உரை) கோப்பாக இருக்கும். எல்லா மாட்யூல்களின் அத்தியாயங்களும் சேர்ந்துதான் மாடல் லைப்ரரி என்ற பெரிய கையேடு.

எதை எங்கே எழுதுவது என்பதற்கு எளிய அளவுகோல்: ஃபங்ஷனின் பெயர் மாறினால் இந்த வாக்கியமும் மாற வேண்டுமா? ஆம் என்றால் டாக்சிஜனில் வையுங்கள். அத்தியாயத்தில் ஃபங்ஷன் பெயர்களைக் கொட்டினால் அடுத்த வருடமே அது பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

டாக்சிஜனில் வெறுமனே பெயரைத் திருப்பிச் சொல்வதால் பயனில்லை. ‘டிலேயை அமைக்கும், அளபுரு: டிலே’ என்ற குறிப்பு எச்சரிக்கையை நிறுத்துமே தவிர யாருக்கும் உதவாது. எந்த அலகு, எந்த எல்லை, சிமுலேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது அழைத்தால் ஏற்கெனவே கிளம்பிய பாக்கெட்டுக்கும் பொருந்துமா, சுழியம் கொடுத்தால் என்ன ஆகும் – இவற்றைத்தான் படிப்பவர் தேடி வருகிறார்.

அட்ரிபியூட்டுகளுக்கும் தனியாக ஆவணம் எழுத வேண்டுமா?

தனியாக வேண்டாம், ஆனால் எழுதும் இடத்தில் ஒழுங்காக எழுத வேண்டும். ஒவ்வொரு கிளாஸும் தன் அட்ரிபியூட்டுகளை (பயனர் மாற்றக்கூடிய அமைப்பு மதிப்புகளை) ‘கெட்-டைப்ஐடி’ ஃபங்ஷனில் பதிவு செய்கிறது: பெயர், விளக்கம், டீஃபால்ட் மதிப்பு, எந்த உறுப்பில் சேமிப்பது, என்னென்ன மதிப்புகள் செல்லும். அந்த விளக்கச் சரம் இரண்டு இடங்களில் வெளிவரும். ஆவணம் கட்டும்போது ஒரு சிறு புரோகிராம் எல்லாக் கிளாஸ்களையும் துழாவி, அட்ரிபியூட் பட்டியலை டாக்சிஜனுக்குள் சேர்க்கிறது. இரண்டாவது, பயனர் தன் ஸ்கிரிப்டை ‘பிரிண்ட்-அட்ரிபியூட்ஸ்’ என்ற விருப்பத்தோடு ஓட்டும்போது திரையில்.

பாயிண்ட்-டு-பாயிண்ட் நெட் டிவைஸை அப்படிக் கேட்டுப் பாருங்கள். டேட்டாரேட்டின் டீஃபால்ட் விநாடிக்கு 32768 பிட் என்று வரும். ‘என் வலையமைப்பு ஏன் நத்தை மாதிரி ஓடுகிறது’ என்ற கேள்விக்குப் பல நேரம் அதுவே பதில்: டேட்டாரேட்டை அமைக்க மறந்திருப்பார். விளக்கச் சரத்தை ஒரு சடங்குக்காக எழுதாதீர்கள். சிமுலேட்டரிலேயே அதிகம் படிக்கப்படும் ஆவணம் அந்த ஒரு வரிதான்.

கூடவே, புதிய கிளாஸுக்கு ‘என்எஸ்-ஆப்ஜெக்ட்-என்ஷ்யூர்-ரெஜிஸ்டர்டு’ மேக்ரோவை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், பெயரைச் சரமாகக் கொடுத்து உருவாக்கும்போது அப்படி ஒரு கிளாஸே இல்லை என்று சிமுலேஷன் நின்றுபோகலாம். ஆவணத் துழாவலிலும் அது அகப்படாமல் போகலாம்.

அத்தியாயம் எழுதிவிட்டேன், கையேட்டில் வரவில்லை. ஏன்?

மாடல் லைப்ரரியின் மேக்ஃபைலில் சோர்ஸ் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஆவணம் கட்டும்போது அந்தப் பட்டியலில் உள்ள ஆர்எஸ்டி கோப்புகளை ஒரு தற்காலிக இடத்துக்குப் பிரதி எடுத்த பிறகே ஸ்ஃபிங்ஸ் ஓடும். உங்கள் கோப்பு அதில் இல்லையென்றால் ஸ்ஃபிங்ஸுக்கு அது கண்ணில் படாது. மேக்ஃபைல், இண்டெக்ஸ் ஆர்எஸ்டி இரண்டிலும் வரி சேர்க்க வேண்டும். படங்களுக்கு மேக்ஃபைலில் தனிப் பட்டியல். தற்காலிக இடத்தில் உள்ள பிரதியைத் திருத்திவிட்டு, அடுத்த பில்டில் திருத்தம் காணாமல் போனதைப் பார்த்து விழிப்பவர்களும் உண்டு.

அந்த அத்தியாயத்தில் கட்டாயம் இருக்க வேண்டியது என்ன?

மாதிரிக் கோப்பில் தலைப்புகள் இருக்கின்றன: மாடல் விளக்கம், வடிவமைப்பு, எல்லையும் குறைபாடுகளும், பயன்பாடு, எடுத்துக்காட்டுகள், சரிபார்ப்பு. எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு இழுக்கத் தேவையில்லை. நேரம் இல்லையென்றால் மற்றதைச் சுருக்கி ‘எல்லையும் குறைபாடுகளும்’ பகுதியை மட்டுமாவது முழுமையாக எழுதுங்கள். நெறிமுறையை விளக்க ஆர்எஃப்சி (இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவணம்) இருக்கிறது. அதில் எந்தப் பிரிவை நீங்கள் எழுதவில்லை என்பது உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

‘சில அம்சங்கள் ஆதரிக்கப்படவில்லை’ என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். ‘துண்டாக்கல் இல்லை, எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை) மீறும் பாக்கெட் எச்சரிக்கையின்றி கைவிடப்படும், ஐபிவி6 கிடையாது, நகரும் நோடுகளோடு (வலையமைப்பில் உள்ள கருவிகளோடு) சோதிக்கவில்லை’ என்று எழுதினால், படிப்பவர் இரண்டு நிமிடத்தில் தன் ஆய்வுக்கு இது ஆகுமா ஆகாதா என்று முடிவெடுப்பார்.

டீபக் பில்டில் சரியாக ஓடுகிறது, ஆப்டிமைஸ்டு பில்டில் விடை மாறுகிறது. எங்கே தேடுவது?

டீபக் என்பது பிழை தேடுவதற்கான பில்ட்; ரிலீஸ், ஆப்டிமைஸ்டு வேகத்துக்கானவை. முதலில் லாக் (பதிவுச் செய்தி), அசெர்ட் (நிபந்தனைச் சோதனை) வரிகளைப் பாருங்கள். ரிலீஸ், ஆப்டிமைஸ்டு பில்டுகளில் ‘என்எஸ்-லாக்’, ‘என்எஸ்-அசெர்ட்’ மேக்ரோக்களுக்குள் இருப்பது எதுவும் ஓடாது. ‘என்எஸ்-அசெர்ட்’டின் அடைப்புக்குறிக்குள் ஒரு ஃபங்ஷனை அழைத்து, அந்த ஃபங்ஷன் க்யூவிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தால், ஆப்டிமைஸ்டில் அந்தப் பாக்கெட் எடுக்கப்படவே இல்லை. முதல் வரியில் அழைத்து விடையை ஒரு மாறியில் வாங்குங்கள், அடுத்த வரியில் மாறியைச் சோதியுங்கள். பயனர் தவறான மதிப்பு கொடுத்ததைப் பிடிக்க ‘என்எஸ்-அபார்ட்’ வகை மேக்ரோக்கள். அவை எல்லா பில்டிலும் ஓடும்.

அடுத்த சந்தேகம், மதிப்பு கொடுக்காமல் விட்ட உறுப்பு மாறி. ‘டெஸ்ட்-பை’ ஸ்கிரிப்டை ‘-ஜி’ விருப்பத்தோடு ஓட்டினால் வால்கிரைண்ட் என்ற நினைவகப் பிழை தேடும் கருவி மூலம் ஓடும். அது காட்டிக் கொடுத்துவிடும். மிக மெதுவாக ஓடும் என்பதால் உங்கள் சோதனைத் தொகுப்பின் (டெஸ்ட் சூட்) பெயரை மட்டும் கொடுங்கள்.

‘லாக் எதுவும் வரவில்லை’ என்பதற்கும் இதே காரணம்தான். ஆப்டிமைஸ்டு பில்டில் என்எஸ்-லாக் சூழல் மாறிக்கு எதைக் கொடுத்தாலும் திரை வெறிச்சோடியே இருக்கும்.

ஒரே சீட் கொடுத்தும் ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறது. எப்படி?

வரக்கூடாது. சீட் என்பது ரேண்டம் எண்களின் தொடக்க எண்; ரன் என்பது அதே சீடில் எத்தனையாவது ஓட்டம் என்ற எண். என்எஸ்-3-ல் எதுவும் சொல்லாவிட்டால் சீட் 1, ரன் 1. ஒரே பைனரியை நூறு முறை ஓட்டினாலும் ஒரே விடைதான் வர வேண்டும். நேரம் ஒன்றாக இருக்கும் நிகழ்வுகள்கூட, எது முதலில் பதிவானதோ அது முதலில் என்ற வரிசையில் ஓடும். விடை ஆடுகிறது என்றால் கோடில் பிழை இருக்கிறது.

நெடுநாள் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும் பிழை ஒன்று உண்டு. நோடின் பாயிண்டரைச் சாவியாக வைத்து ஒரு மேப் எழுதுகிறீர்கள். பிறகு அந்த மேப்பை முதலிலிருந்து கடைசிவரை சுற்றி, ஒவ்வொரு நோடையும் ஒரு ஹலோ பாக்கெட் அனுப்ப வைக்கிறீர்கள். மேப் சாவிகளை அடுக்குவது பாயிண்டரின் மதிப்புப்படி, அதாவது நினைவக முகவரிப்படி. ஆபரேட்டிங் சிஸ்டம் ஒவ்வொரு ஓட்டத்திலும் முகவரிகளைக் குலுக்கிப் போடுகிறது. எனவே இன்று நோடு 3 முதலில் அனுப்பும், நாளை நோடு 7. வயர்லெஸ் சானலில் யார் முதலில் பேசினார் என்பது மாறினால் மோதல்கள் மாறும், பின்வாங்கும் நேரங்கள் மாறும், கடைசியில் த்ரூபுட்டும் (விநாடிக்குப் போய்ச் சேரும் தரவும்) மாறும். உங்கள் மடிக்கணினியில் பத்து முறையும் ஒரே விடை வந்து, சிஐ சர்வரில் (கோடைத் தானாகச் சோதிக்கும் கணினியில்) மட்டும் தவறுவதும் இதனால்தான். சாவியை நோடின் ஐடி எண்ணாக மாற்றினால் தீர்ந்தது.

புதிய ரேண்டம் மாறி ஒன்றைச் சேர்த்தேன். சம்பந்தமே இல்லாத சோதனைகள் தோற்கின்றன.

சம்பந்தம் இருக்கிறது. என்எஸ்-3-ன் ரேண்டம் ஜெனரேட்டர் எம்ஆர்ஜி32கே3ஏ. ஒவ்வொரு ரேண்டம் மாறிக்கும் தனி ஸ்ட்ரீம் (ரேண்டம் எண் வரிசை) ஒன்று, உருவாகும் வரிசையில் தானாக ஒதுக்கப்படுகிறது. நடுவில் நீங்கள் ஒன்றைப் புகுத்தியதும் பின்னால் வருபவை எல்லாம் ஒரு ஸ்ட்ரீம் தள்ளிப்போகின்றன. புள்ளியியல்படி விடை சரியாகவே இருக்கும். ஆனால் பழைய எண்ணோடு ஒப்பிடும் சோதனை தோற்கும்.

இதற்காகத்தான் ‘அசைன்-ஸ்ட்ரீம்ஸ்’ ஃபங்ஷன். உங்கள் மாடலில் எத்தனை ரேண்டம் மாறிகள் இருக்கின்றனவோ அத்தனைக்கும், கொடுத்த எண்ணிலிருந்து வரிசையாக ஸ்ட்ரீம் அமைத்து, எத்தனை பயன்படுத்தினீர்கள் என்ற எண்ணிக்கையைத் திருப்பித் தர வேண்டும். மூன்று மாறிகளை அமைத்துவிட்டு 2 என்று திருப்பினால், அடுத்த மாடலின் முதல் மாறியும் உங்கள் மூன்றாவது மாறியும் ஒரே ஸ்ட்ரீமைப் பகிரும். அந்தத் தொடர்பைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஹெல்பரிலும் அதே ஃபங்ஷனைக் கொடுங்கள்; டெஸ்ட் எழுதுபவர் அதைத்தான் அழைப்பார்.

பல சுயேச்சையான ஓட்டங்கள் வேண்டுமென்றால் சீடை மாற்றாதீர்கள். சீட் அப்படியே இருக்கட்டும். ‘ஆர்என்ஜி-ரன்’ எண்ணை 1, 2, 3 என்று ஏற்றுங்கள்.

வால்கிரைண்ட் நினைவகக் கசிவு என்கிறது. ஸ்மார்ட் பாயிண்டர்தானே பயன்படுத்துகிறோம்?

‘பிடிஆர்’ எண்ணிக்கை வைத்து விடுவிக்கும் பாயிண்டர். நோடு டிவைஸைப் பிடித்திருக்கிறது, டிவைஸ் நோடைப் பிடித்திருக்கிறது. இரண்டின் எண்ணிக்கையும் சுழியத்துக்கு வராது. அந்த வளையத்தை உடைக்கும் இடம் ‘டூ-டிஸ்போஸ்’. அதில் மூன்று வேலை: பாயிண்டர்களை நல்பிடிஆர் ஆக்குவது, காத்திருக்கும் நிகழ்வுகளை ரத்து செய்வது, கால்பேக்குகளை (பிறகு அழைக்கக் குறித்து வைத்த ஃபங்ஷன்களை) வெறுமையாக்குவது. மூன்றாவதைத்தான் மறக்கிறார்கள், கால்பேக்குக்குள்ளும் ஒரு பாயிண்டர் ஒளிந்திருக்கலாம். கடைசி வரியில் தாய்க் கிளாஸின் ‘டூ-டிஸ்போஸ்’ஸை அழைக்க வேண்டும். ஸ்கிரிப்டின் முடிவில் ‘சிமுலேட்டர்-டெஸ்ட்ராய்’ இல்லாவிட்டால் இது எதுவும் நடக்காது.

பாக்கெட் ஹெடர் எழுதும்போது எது தவறும்?

நீளமும் பைட் வரிசையும். ‘கெட்-சீரியலைஸ்டு-சைஸ்’ 8 என்று சொல்லிவிட்டு ‘சீரியலைஸ்’ 10 பைட் எழுதினால் டீபக் பில்ட் அசெர்ட்டில் நிற்கும். ஆப்டிமைஸ்டு பில்ட் பக்கத்து நினைவகத்தைச் சத்தமின்றிக் கெடுக்கும்.

பைட் வரிசை இன்னும் நயவஞ்சகம். 16 பிட் எண்ணை வலையமைப்பு வரிசையில் எழுத ‘ரைட்-ஹெச்டன்-யூ16’ இருக்கிறது. வெறும் ‘ரைட்-யூ16’ போட்டு எழுதி, படிக்கும்போதும் அதே மாதிரி ‘ரீட்-யூ16’ போட்டால், எழுதியது அப்படியே திரும்பி வரும், டெஸ்டும் பாஸாகும். பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் பிகேப் (பாக்கெட் பதிவு) கோப்பைத் திறந்தால்தான் போர்ட் 9 என்பது 2304 ஆகத் தெரியும். ஆகவே எழுதிப் படித்துப் பார்க்கும் டெஸ்ட் மட்டும் போதாது. ஆர்எஃப்சியில் உள்ளபடி பைட்டுகளைக் கையால் அடுக்கி வைத்து ஒப்பிடும் டெஸ்ட் ஒன்றும் வேண்டும்.

டெஸ்டுகளை எப்படி எழுதினால் பராமரிக்க எளிது?

முதலில் ‘என்எஸ்3 கான்ஃபிகர்’ கட்டளையில் டெஸ்டுகளையும் எடுத்துக்காட்டுகளையும் இயக்கிவிட்டு பில்ட் செய்யுங்கள். ‘என்எஸ்-டெஸ்ட்-அசெர்ட்’ தோற்றால் அந்த ஃபங்ஷனை விட்டு உடனே வெளியேறும். எனவே மதிப்பைத் திருப்பித் தரும் ஃபங்ஷனுக்குள் போட்டால் கம்பைல் ஆகாது. அங்கே ‘என்எஸ்-டெஸ்ட்-எக்ஸ்பெக்ட்’ போடுங்கள். தோல்வியைக் குறித்துக்கொண்டு தொடரும்.

எதிர்பார்க்கும் எண் எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ‘1.0432’ என்று மட்டும் இருந்தால், அது கணக்குப் போட்டு வந்ததா, அன்று ஓட்டியபோது திரையில் வந்ததைப் பிரதி எடுத்ததா என்பது மூன்று வருடம் கழித்து யாருக்கும் தெரியாது. இரண்டாவது வகையும் தேவைதான், ஆனால் அப்படி என்று சொல்லிவிட வேண்டும். டெஸ்ட் தோற்றதும் எண்ணை மாற்றிப் பாஸாக்கும் கமிட்டை, ஏன் மாறியது என்ற விளக்கம் இல்லாமல் ஏற்கக்கூடாது.

எடுத்துக்காட்டு புரோகிராம்களையும் டெஸ்ட் கோப்புறையில் உள்ள ‘எக்ஸாம்பிள்ஸ்-டு-ரன்’ கோப்பில் சேருங்கள். சேர்க்காத எடுத்துக்காட்டு கம்பைல் மட்டும் ஆகிக்கொண்டிருக்கும். ஓடுகிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்ற வேண்டும். பழையதை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். பழைய பெயரை வைத்து, உள்ளே புதியதை அழையுங்கள்; மேலே பதிப்பு எண்ணோடு வரும் ‘என்எஸ்-டெப்ரிகேட்டட்’ மேக்ரோ, அதில் ‘இதற்குப் பதிலாக இன்னது’ என்ற செய்தி. பயனருக்கு கம்பைல் செய்யும்போதே எச்சரிக்கை வரும். அட்ரிபியூட் கதை வேறு: அதன் பெயர் வெறும் சரம் என்பதால் கம்பைலருக்குத் தெரியாது. அதைப் பதிவு செய்யும் இடத்தில் ‘டெப்ரிகேட்டட்’ என்ற ஆதரவு நிலையைக் கொடுத்தால் ஓடும்போது எச்சரிக்கும். ‘ஆப்சலீட்’ என்றால் நிறுத்திவிடும்.

பிறகு ‘சேஞ்சஸ்’ கோப்பு. அதில் புதிய ஏபிஐ (பயனர் கோட் அழைக்கும் கிளாஸ்கள், ஃபங்ஷன்கள்), மாறிய ஏபிஐ, பில்ட் மாற்றம், மாறிய நடத்தை என்று பிரிவுகள். முதல் மூன்றை எல்லோரும் நிரப்புகிறார்கள், கம்பைலரே நினைவூட்டும் என்பதால். நான்காவதுதான் முக்கியம்: ஏபிஐ அப்படியே, எண் மட்டும் வேறு. ‘க்யூவின் டீஃபால்ட் அளவு மாறியது; பழைய நடத்தை வேண்டுமென்றால் இந்த அட்ரிபியூட்டுக்கு இந்த மதிப்பு’ என்று, திரும்பிப் போகும் வழியோடு எழுத வேண்டும்.

கோட் நடையை யார் சரிபார்ப்பது?

கிளாங்-ஃபார்மட் என்ற, கோடை ஒழுங்குபடுத்தும் கருவி. 2022-ல் வந்த 3.37 பதிப்பிலிருந்து இதுதான் வழக்கம். நான்கு இடைவெளி, வரிக்கு 100 எழுத்து. ‘யூட்டில்ஸ்’ கோப்புறையில் உள்ள சரிபார்ப்பு ஸ்கிரிப்டை ‘ஃபிக்ஸ்’ விருப்பத்தோடு ஓட்டினால் திருத்தியும் தரும். கிளாங்-ஃபார்மட்டின் பதிப்புக்குப் பதிப்பு விளைவு கொஞ்சம் மாறும் என்பதால், ஸ்கிரிப்ட் ஏற்கும் பதிப்பையே நிறுவுங்கள். நடைத் திருத்தத்தையும் தர்க்க மாற்றத்தையும் ஒரே கமிட்டில் கலக்காதீர்கள்.

ஆய்வகத்துக்குள்ளேயே வைத்திருக்கும் மாட்யூலை எப்படிக் காப்பாற்றுவது?

‘கான்ட்ரிப்’ கோப்புறையில் தனி கிட் களஞ்சியமாக வையுங்கள். மைய கோடில் கை வைக்காத வரை பதிப்பு உயர்த்துவது ஒரு மதிய வேலை. வைபை மாட்யூலுக்குள் நாற்பது இடங்களில் திருத்தியிருந்தால் அது ஒரு செமஸ்டர் வேலை. மையத்தில் ஒரு கொக்கி (உங்கள் கோடை மாட்டுவதற்கான இடம்) தேவைப்பட்டால், அந்தச் சிறு மாற்றத்தை மட்டும் மைய களஞ்சியத்துக்கு அனுப்பிப் பாருங்கள்.

ரீட்மீயின் முதல் வரியில் எந்த என்எஸ்-3 பதிப்போடு ஓடும் என்று எழுதுங்கள். ‘சமீபத்திய பதிப்பு’ என்று எழுதாதீர்கள். 3.35 வரை பில்ட் கருவி வாஃப்; 2022 மே மாதம் வந்த 3.36 முதல் சிமேக். பைத்தான் பைண்டிங்குகளும் (பைத்தானிலிருந்து என்எஸ்-3-ஐ அழைக்க உதவும் இணைப்புகளும்) 3.37-ல் சிபிபிஒய்ஒய்க்கு மாறின. பதிப்பு எண் இல்லாத பழைய மாட்யூல் கிடைத்தால், உள்ளே டபிள்யூஸ்கிரிப்ட் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாஃப் காலத்தது.

வேறு திட்டத்திலிருந்து கோட் எடுத்துச் சேர்க்கலாமா?

உரிமம் ஜிபிஎல் 2 மட்டும். பிஎஸ்டி, எம்ஐடி உரிமக் கோட் சேரும், அப்பாச்சி 2.0, ஜிபிஎல் 3 மட்டும் என்பவை சேராது. எடுத்த இடத்தின் பதிப்புரிமைக் குறிப்பை நீக்காதீர்கள்.

கோட் எழுதும் அளவுக்குப் பழக்கமில்லை. எங்கே தொடங்குவது?

டாக்சிஜன் எச்சரிக்கைகளில். ‘டாக்’ கோப்புறையில் எச்சரிக்கைகளை மாட்யூல் வாரியாக எண்ணித் தரும் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது. முதல் ஓட்டம் முழு ஆவணத்தையும் கட்டுவதால் நேரம் எடுக்கும். அதன் பிறகு ‘-எஸ்’ கொடுத்தால் பழைய பதிவையே படிக்கும், ‘-எம்’ கொடுத்து ஒரு மாட்யூலோடு நிறுத்திக்கொள்ளலாம். விளக்கம் இல்லாத ஒரு ஃபங்ஷனை எடுத்து, அதை அழைக்கும் இடங்களைத் தேடிப் படித்து, அலகும் எல்லையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு மாட்யூலுக்கு ஒரு மெர்ஜ் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) போதும். ஐந்து மாட்யூலைச் சேர்த்து அனுப்பினால் ஐந்து பராமரிப்பாளர்களும் பார்க்கும் வரை அது காத்துக் கிடக்கும்.